‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ ஏன் ஒத்திகைப் பதிவுபோல் ஒலிக்கிறது?

வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் தலைசிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று பலர் சொல்லக் கேட்டு, முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு குரலும் ஒரு கிதாரும் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை, ஸ்டூடியோவுக்குப் போகுமுன் வீட்டில் செய்த ஒத்திகையைப் போல் இருக்கிறது, இதில் அப்படி என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. 1975இல் இந்த ஒலிநாடாவை முதலில் கேட்ட கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தாரும் ஏறத்தாழ இதையேதான் கேட்டார்கள். ஆகவே உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்ட வெறுமை உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஆனால் அது தெரிந்தே விடப்பட்ட வெறுமை. அப்படி விடுவதற்கான உரிமையைப் பெற அந்த மனிதருக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

நெல்சன் 1933இல் டெக்சஸ் மாநிலத்தின் அபட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1960இல், கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகருக்குப் போனார். அங்கே ஹேங்க் காக்ரன் என்ற பாடலாசிரியரின் பரிந்துரையால் பேம்பர் மியூசிக் என்ற பதிப்பகத்தில் பாட்டு எழுதும் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் எழுதிய ‘ஹலோ வால்ஸ்’ ஃபேரன் யங்கின் குரலிலும், ‘கிரேஸி’ பேட்ஸி கிளைனின் குரலிலும் பெரும் வெற்றி பெற்றன. எழுதுகிறவர் என்ற அளவில் அவருக்கு ஊரில் நல்ல பெயர். பாடுகிறவர் என்ற அளவில்தான் அவரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குக் காரணம் அன்றைய நாஷ்வில் முறை. இசைத்தட்டு நிறுவனங்களான ஆர்.சி.ஏ.வின் செட் அட்கின்ஸ், டெக்காவின் ஓவன் பிராட்லி முதலிய தயாரிப்பாளர்கள், நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் ஒற்றை வயலினான ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குழுப்பாடலையும் முன்னுக்குக் கொண்டுவந்து, நகரத்து வானொலிக்கு ஏற்ற மெருகேறிய ஓர் ஒலியை உருவாக்கியிருந்தார்கள். பாடகரின் சொந்த வாத்தியக்குழு மேடையோடு சரி. பதிவு என்று வந்தால் ஸ்டூடியோவின் வாடிக்கைக் கலைஞர்கள்தாம் வாசிப்பார்கள். அவர்கள் மிகத் தேர்ந்தவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் நெல்சன் தாளத்தின் மேல் உட்கார்ந்து பாடுகிறவர் அல்லர். ஒரு வரியைத் தாமதமாக எடுப்பார், பாதியில் விரைந்து முன்னே ஓடுவார், கடைசிச் சொல்லைத் தாளம் கடந்துபோன பிறகு போகிற போக்கில் வைப்பார். நம் கச்சேரிகளில் எடுப்பைத் தள்ளிப் பாடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. இவரிடம் கணக்கு இல்லை, பேச்சின் போக்கு மட்டுமே உண்டு. பன்னிரண்டு வயலின்கள் ஒரே கோட்டில் நடக்கும்போது அப்படிப் பாடுகிற குரல் பிழைபோலக் கேட்கும். 1960களில் அவர் ஆர்.சி.ஏ.வுக்குப் பாடிய தொகுப்புகளைக் கேட்டால், நல்ல பாட்டும் நல்ல குரலும் ஒரே அறையில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பது தெரியும்.

1970 டிசம்பரில் நாஷ்வில்லுக்கு அருகே ரிட்ஜ்டாப்பில் இருந்த அவருடைய வீடு தீப்பற்றி எரிந்தது. உள்ளே ஓடிப்போய் அவர் மீட்டுவந்த பொருள்களில் ஒன்று ‘டிரிகர்’ என்று அவர் பெயரிட்டிருந்த கிதார். அதன் பிறகு டெக்சஸில் உள்ள பண்டேரா என்ற ஊரில் சிலகாலம் தங்கினார். (இந்த ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) பின்னர் ஆஸ்டின் நகரில் குடியேறினார். அங்கே நீளமுடி வளர்த்த ஹிப்பி இளைஞர்களும், தொப்பியும் பூட்ஸும் அணிந்த பண்ணை ஆட்களும் ஒரே அரங்கில் நின்று தம் பாட்டைக் கேட்பதை 1972 முதல் கண்டார். அட்லாண்டிக் நிறுவனத்துக்காக இரண்டு ஆல்பங்கள் செய்தார். அந்த நிறுவனம் 1974இல் தன் நாஷ்வில் கிளையை மூடிவிடவே கொலம்பியாவுக்கு வந்தார். அவருடைய மேலாளர் நீல் ரெஷன் அங்கே வாங்கிக் கொடுத்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: என்ன பாடுவது, எங்கே பதிவது, யார் வாசிப்பது, எப்படி ஒலிக்க வேண்டும் என்பவற்றில் இறுதி முடிவு பாடகருடையது. நாஷ்வில்லில் அந்த நாளில் இது மிக அரிய சலுகை. நீங்கள் ‘ஒத்திகை’ என்று சொல்லும் அந்த ஒலி இந்த விதியிலிருந்து பிறந்ததுதான்.

தலைப்புப் பாடல் அவர் எழுதியது அன்று. ஈடித் லிண்ட்மன், கார்ல் ஸ்டட்ஸ் என்ற இருவர் எழுதி, 1950களில் ஆர்தர் ஸ்மித் பதிவுசெய்த பாட்டு அது. ஃபோர்ட் வொர்த்தில் வானொலி அறிவிப்பாளராக இருந்தபோது நெல்சன் அதை ஒலிபரப்பியிருக்கிறார். தம் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் பாடியிருக்கிறார். தாலாட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு கொலைப்பாட்டு என்பது விந்தைதான். ஆனால் எல்லா ஊர்களிலும் பாட்டிமார் சொல்லும் கதைகளில் தலைகள் உருளத்தானே செய்கின்றன! கொலராடோவிலிருந்து டெக்சஸுக்குக் காரில் திரும்பும் வழியில், புதிய ஆல்பத்துக்கு என்ன பாடலாம் என்ற பேச்சு வந்தபோது, அவருடைய அன்றைய மனைவி கானி இந்தப் பாட்டை நினைவூட்டினார். இந்தக் கொலைகாரன் யார், இதற்குமுன் அவனுக்கு என்ன நேர்ந்தது, பின்னர் என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டே போய், அந்தப் பயணத்திலேயே நெல்சன் முன்கதையையும் பின்கதையையும் கட்டிமுடித்தார். தாமே எழுதியவை ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’ உள்ளிட்ட சில துண்டுகள் மட்டுமே. மீதி இடத்தைப் பழைய பாட்டுகளாலும் வாத்திய இசையாலும் நிரப்பினார். ‘கிரேஸி’யை எழுதிய கை, தன் வாழ்வின் முக்கியமான ஆல்பத்தில் பெரும்பாலும் பிறர் பாட்டுகளைக் கோத்து வைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

கதை 1901இல் நடக்கிறது. ஒரு போதகர். அவர் மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். அவர் குழந்தையைப்போல் அழுகிறார், சிறுத்தையைப்போல் அலறுகிறார், குதிரைக்குச் சேணம் பூட்டிக் கிளம்புகிறார். மான்டானாவில் புளூ ராக் என்ற ஊரின் மதுக்கடையில் இருவரையும் கண்டுபிடித்துச் சுட்டுக் கொல்கிறார். அதன்பின் செம்பட்டை முடிகொண்ட அந்த அந்நியர், தாம் ஏறிய கருங்குதிரைக்குப் பின்னால் இறந்தவளின் செம்பழுப்புக் குதிரையையும் நடத்திக்கொண்டு ஊருக்குள் வருகிறார். பொன்னிற முடிகொண்ட இன்னொரு பெண் அந்தக் குதிரையைத் தொட்டுவிடுகிறாள், அவளையும் சுடுகிறார். குதிரை திருட வந்தவளைக் கொன்றவனைத் தூக்கிலிட முடியாது என்று ஊர் அவரை விட்டுவிடுகிறது. இது இசைத்தட்டின் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் அவர் தெற்கே டென்வருக்குப் போகிறார், ஒருத்தியோடு நடனமாடுகிறார், மெல்ல மெல்ல ஆறுதலுக்கு அருகில் வந்துசேர்கிறார். மொத்தம் பதினைந்து தடங்கள், ஏறத்தாழ 34 நிமிடங்கள். சில தடங்கள் ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

இனி, இதைக் கேட்கும்போது நழுவிவிடக்கூடிய ஓர் இடத்துக்கு வருகிறேன். ‘புளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்’ உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். எந்தக் கன்ட்ரி பாடல் தொகுப்பிலும் அது இருக்கும். ஃபிரெட் ரோஸ் எழுதி, 1940களில் ராய் ஏகஃப் பதிவுசெய்த பழைய பிரிவுப் பாட்டு. மழையில் விடைபெற்றோம், உன் நீலக்கண்கள் அழுதன, இனி மறுமையில்தான் சந்திப்போம் என்ற அளவில் எளிய பொருள். மூன்றே கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளில்) அடங்கிவிடும் மெட்டு. தனிப்பாட்டாகக் கேட்டால், காதலியை இழந்த முதியவர் ஒருவரின் நினைவு என்றே தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன். ஆனால் ஆல்பத்தில் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மதுக்கடையில் இருவரும் சுடப்பட்டு விழுந்த சற்று நேரத்திலேயே அது தொடங்குகிறது. அழுத அந்த நீலக்கண்களை மூடியது பாடுகிறவரின் துப்பாக்கி. மறுமையில் கைகோத்து நடப்போம் என்று சொல்வது கொன்றவர், தம்மால் கொல்லப்பட்டவளிடம். நெல்சன் இதை எங்கும் விளக்கவில்லை. முன்னால் ஒரு கொலையை வைத்தார், அவ்வளவே. இரண்டேகால் நிமிடப் பாட்டில் குரல் எங்கும் உயர்வதில்லை. நடுவே டிரிகரின் நைலான் தந்திகளில் சிறிய ஒரு தனிவாசிப்பு, அதுவும் பாட்டின் மெட்டை விட்டு அதிகம் விலகாதது. இங்கே வயலின்கள் வந்திருந்தால், ‘இப்போது இரங்குங்கள்’ என்று அவை நமக்குச் சொல்லியிருக்கும். இரங்குவதா அஞ்சுவதா என்று தெரியாத நிலையில் நம்மை விட்டுவிடுவதற்குத்தான் அந்த வெறுமை தேவைப்படுகிறது.

இதேபோன்ற இன்னோர் இடம் முதல் பக்கத்தின் முடிவு. இரண்டாவது பெண்ணும் கொல்லப்பட்டு, ஊரும் அவரை விட்டுவிட்ட பின்னர், ‘ஜஸ்ட் அஸ் ஐ ஆம்’ என்ற கிறித்துவப் பாமாலைப் பாட்டு பியானோவில் சொற்களின்றி வருகிறது. வாசிப்பவர் நெல்சனின் அக்காள் பாபி நெல்சன். அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் சபைகளில், பாவி பீடத்தண்டை வந்து ஒப்புக்கொடுக்க அழைக்கப்படும் வேளையில் பாடும் பாட்டு அது. இருக்கிற கோலத்திலேயே வருகிறேன், ஏற்றுக்கொள் என்பது அதன் பொருள். அந்த நாட்டுக் கேட்பவர்களுக்கு மெட்டு தொடங்கியதும் சொற்கள் மனத்தில் ஓடிவிடும். ஒருகாலத்தில் பிறரைப் பீடத்துக்கு அழைத்த போதகர் இப்போது தாமே அங்கே நிற்கிறாரா, அவருக்கு மன்னிப்பு உண்டா, என்ற கேள்வியைப் பாடகர் கேட்கவே இல்லை. பியானோ கேட்கிறது. அதோடு இசைத்தட்டைத் திருப்பிப்போட வேண்டும். அந்த நாளில் கேட்டவர்களுக்கு எழுந்துபோய்த் தட்டைத் திருப்பும் அந்த இடைவெளியும் கதையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும்; நமக்கு அது கிடைப்பதில்லை.

பதிவு 1975 ஜனவரியில், டாலஸ் நகருக்கு அருகே கார்லண்டில் இருந்த ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டூடியோவில் நடந்தது; ஒலிப்பொறியாளர் ஃபில் யார்க். சில நாட்களில் எல்லாம் முடிந்தது. செலவு சுமார் 4,000 டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தனி ஒருவர் பாடியதுபோல் தோன்றினாலும் அறையில் முழுக்குழுவும் இருந்தது: பியானோவில் பாபி, டிரம்ஸில் பால் இங்கிலிஷ், பேஸில் பீ ஸ்பியர்ஸ், மௌத் ஆர்கனில் மிக்கி ராஃபேல், கிதாரும் மேண்டலினுமாக ஜோடி பெய்ன், இன்னொரு கிதாரில் பக்கி மெடோஸ். இவர்கள் ஊர் ஊராக அவரோடு பேருந்தில் அலைந்தவர்கள். அவர் அடுத்த சொல்லை எங்கே வைப்பார் என்று அவருடைய மூச்சை வைத்தே அறிவார்கள். வாசிக்காமல் காத்திருக்கவும் அறிவார்கள், அதுதான் பெரிது. ஹெட்போன் போட்டுக்கொண்டு ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’ கேளுங்கள். டிரம்ஸ் இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வரும். இருக்கிறது, ஆனால் தாளம் காட்டுவதற்காக அன்று, குதிரை நடக்கிறது என்று தெரிவிப்பதற்காக.

டிரிகரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 வகை. எஃகுத் தந்திகளுக்குப் பதில் நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிதார். 1969இல் அவருடைய பழைய பால்ட்வின் கிதார் உடைந்துபோனபோது, அதிலிருந்த பிக்கப் என்னும் ஒலிவாங்கியைக் கழற்றி இந்த மார்ட்டினில் பொருத்தினார்கள். நைலான் தந்தியில் விரலால் வருடுவதற்கென்று செய்த கருவியை அவர் பிளெக்ட்ரம் என்னும் சிறு தகடு கொண்டு அடித்து அடித்து, நாளடைவில் மரப்பலகையே தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. கன்ட்ரி இசையின் வழக்கமான கிதார் ஒலி மணிபோல் கணீரென்று இருக்கும். டிரிகர் மரத்தைத் தட்டிப் பேசுவதுபோல் இருக்கும். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸ் வாசிப்பைப் பெரிதும் விரும்பியவர் நெல்சன். மெக்சிகோ எல்லைப்புறத்தின் சாயலும் அந்த விரல்களில் உண்டு. இரண்டாம் பக்கத்தில் வரும் ‘ஓவர் த வேவ்ஸ்’ என்ற வால்ட்ஸ் நடன இசை, மெக்சிகோவின் ஹுவென்டினோ ரோசாஸ் 19ஆம் நூற்றாண்டில் இயற்றியதுதான்.

ஒலிநாடா கொலம்பியாவுக்குப் போனது. நாஷ்வில் பிரிவின் தலைமையில் அப்போது பில்லி ஷெரில் இருந்தார். டேமி வினெட்டின் ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ பாடலைத் தயாரித்தவர், பல அடுக்குகளாக ஒலியைக் கட்டுவதில் கைதேர்ந்தவர். இது முடிந்த ஆல்பம் என்பதையே அவர் முதலில் ஏற்கவில்லை. மாதிரிப் பதிவு, இதன்மேல் இனித்தான் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தார். நியூயார்க்கில் நிறுவனத்தின் புரூஸ் லண்ட்வாலும் தயங்கினார். நெல்சனின் நண்பரான பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் ரெஷனோடு போய் லண்ட்வாலிடம் அதைப் போட்டுக்காட்டியதும், மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் சினந்து சண்டையிட்டதும் கன்ட்ரி வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. ஒப்பந்தத்தில் அந்த விதி இருந்ததால் ஒரு வயலினும் சேர்க்கப்படாமல் 1975 மே மாதத்தில் ஆல்பம் வெளியாயிற்று. ஷெரிலைப் பலர் இதற்காகக் கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தம் தொழிலின் இலக்கணப்படி சரியாகவே கேட்டார். அந்த இலக்கணத்துக்கு வெளியே செய்த ஒன்றை அவர் முன்னே வைத்தார்கள்.

அக்டோபரில் ‘புளூ ஐஸ்’ கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது. பிறருக்கு முதலிடப் பாட்டு எழுதிக்கொடுத்த நெல்சனுக்கு, பாடகராக அதுவே முதல் முதலிடம். அப்போது அவருக்கு வயது 42. கிராமி விருதும் கிடைத்தது. ஆல்பமும் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போய், பொதுப் பட்டியலில் 28ஆம் இடம்வரை ஏறியது. பின்னாளில் இருபது இலட்சம் படிகளுக்கான சான்றும் பெற்றது. இதன் வெற்றிக்குப் பிறகு ஜென்னிங்ஸும் நெல்சனும் வேறிருவரும் பாடிய ‘வாண்டெட்! தி அவுட்லாஸ்’ என்ற தொகுப்பு 1976இல் வந்து, ‘அவுட்லா’ (சட்டத்துக்கு அடங்காதவர்) என்ற பெயரே ஒரு வணிக முத்திரையாகிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் இவை எதுவும் உங்களை அந்த ஆல்பத்தை விரும்பச் செய்யப்போவதில்லை, விரும்பவும் வேண்டியதில்லை.

இன்றைக்கு இதைக் கேட்கும்போது உறுத்தும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இறக்கும் பெண்கள் இருவருக்கும் பெயர் இல்லை. ஒருத்தி போனாள் என்பதற்காகவும், ஒருத்தி குதிரையைத் தொட்டாள் என்பதற்காகவும் சாகிறார்கள். சுட்டவர் டென்வரில் நடனமாடுகிறார். கொலைப்பாட்டு என்பது அந்த மரபில் பழைய வகை என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆல்பம் அவரைத் தண்டிப்பதும் இல்லை, வீரராக்குவதும் இல்லை. பில் கேலரி எழுதிய ‘ஹேண்ட்ஸ் ஆன் த வீல்’ பாட்டில், வீடு திரும்புகிற நிறைவோடு அவர் பேசுகிறார். அந்த நிறைவை நம்புவதா என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தயக்கம் வருகிறது. சில நாட்களில் நம்புகிறேன்.

மறுபடி கேட்கும் எண்ணம் இருந்தால், பாட்டுகளைக் கலைத்துப்போடாமல், வேறு வேலை செய்யாமல், வரிசை மாறாமல் கேளுங்கள். ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’ மெட்டு இடையிடையே திரும்பி வரும். கதை எங்கே வந்திருக்கிறது என்று அதை வைத்தே அறியலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 2000இல் வந்த மறுபதிப்பில் நான்கு தடங்களைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். நெல்சன் முடித்த இடம் அது அன்று. அவர் முடித்தது ‘பண்டேரா’ என்ற சிறிய வாத்தியத் துண்டோடு. வீடு எரிந்த பிறகு அவர் வந்து தங்கிய ஊரின் பெயர் அது. டிரிகரின் கடைசி ஒலி அடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.